பாதி வெந்த சோறா?

காரைக்குடி



"இடைநிலைக் குறிமுறை பாதி வெந்த சோறுதானே ஐயா, கம்பைலர் நேரே மெஷின் கோடுக்குப் போனால் என்ன?" என்று கேட்டிருந்தாய், தம்பி. பரீட்சை கைடு படிக்கிறவனுக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

நம்மூர் வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்.

வட்டி = அசல் * விகிதம் * மாதம் / 100
மொத்தம் = அசல் + அசல் * விகிதம் * மாதம் / 100

இடைநிலைக் குறிமுறையில் முதல் வரி இப்படி உடையும் (த1, த2, த3 எல்லாம் கம்பைலர் வைக்கும் தற்காலிகப் பெயர்கள்):

த1 = அசல் * விகிதம்
த2 = த1 * மாதம்
த3 = த2 / 100
வட்டி = த3

இரண்டாவதை நீயே உடைத்துப் பார். அதே மூன்று படிகள் த4, த5, த6 என்று வேறு பெயரில் வந்து நிற்கும். நடுவில் எந்த மதிப்பும் மாறவில்லை என்று தெரிந்தால், கம்பைலர் அவற்றைத் தூக்கிவிட்டு 'மொத்தம் = அசல் + த3' என்று முடித்துவிடும். இதையே மெஷின் கோடில் தேடினால் ரெஜிஸ்டர்கள் குறுக்கே நிற்கும். பிராசஸருக்குப் பிராசஸர் மறுபடி தேட வேண்டும். இப்படிச் சுருக்குகிறது என்பதற்காகக் கம்பைலர் வகுத்தலை முன்னே நகர்த்திவிடாது. முழு எண்ணில் 7-ஐ 100-ஆல் வகுத்தால் பூஜ்யம், வட்டியே போய்விடும். வகுப்பில் இதைச் சொன்னால் ஒருவரும் குறித்துக்கொள்வதில்லை!

முத்து அண்ணாமலையின் 'எழில்' நிரல்மொழி தெரியுமல்லவா? அதில் நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே: @( வட்டி > 500 ) ஆனால். நாம் பேசுகிற வரிசை அது. சி மொழியில் 'இஃப்' முன்னே வரும். எழில், பைத்தானில் எழுதிய இன்டர்ப்ரிட்டர்; அதுவும் நிரலை மரமாகக் கட்டிக்கொண்டுதான் இயக்குகிறது. அந்த மரமும் இடைநிலை வடிவமே. அதில் முன், பின் என்ற பேச்சே கிடையாது. ஒரு நிபந்தனை, அதன்கீழ் கிளைகள், அவ்வளவுதான். தமிழில் நிரல் எழுதினால் கம்ப்யூட்டர் குழம்பும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த மரத்தை ஒருமுறையாவது வரைந்து பார்க்கட்டும்.

இடைநிலை வடிவத்தால் இன்னொரு லாபமும் உண்டு. நேரே மெஷின் கோடுக்குப் போனால், 5 மொழி, 4 பிராசஸருக்கு 20 கம்பைலர் வேண்டும். நடுவில் பொது வடிவம் ஒன்று இருந்தால் 9 பாகங்கள் போதும். 1958-இல் 'அன்கால்' என்ற பெயரில் இதை முன்மொழிந்தார்கள், கைகூடவில்லை. 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு அதில் பெரும்பகுதியைச் செய்துகாட்டியது. ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

ஆஹோ, சேத்தி, உல்மன் மூவரும் 1986-இல் கம்பைலர் பற்றி எழுதிய 'டிராகன் புத்தகத்தில்' 8-ஆம் அத்தியாயத்தை முதலில் படி. பிறகு இந்த வட்டிக் கணக்கைச் சி-யில் எழுதி, கிளாங் கம்பைலரில் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒருமுறை, ஆப்டிமைசேஷனோடு ஒருமுறை எல்எல்விஎம் இடைநிலை வடிவத்தை எடுத்து இரண்டையும் எனக்கு அனுப்பு. கைடில் இருக்கும் விடையை அனுப்பாதே.