எண்ணிக்கை கூடினால் போதுமா?

நம்பிக்கை: வெள்ளை அணு கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடும், புற்றுநோய் அடங்கும்.

உண்மை: புற்றுநோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் லேகியமும் சத்துமாவும் கொண்டுவருவது இந்த நம்பிக்கையில்தான். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா வெள்ளை அணுவும் நமக்காகப் போராடுவதில்லை.

வெள்ளை அணுக்களில் ஒருவகை நியூட்ரோஃபில். நுண்ணோக்கியில் பார்த்தால் முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்து, மெல்லிய இழையால் கோத்ததுபோல் தெரியும். முதிராததில் அது லாடம்போல வளைந்து கிடக்கும். கடும் தொற்று வந்தால் எலும்பு மஜ்ஜை அவசரத்துக்கு இந்தப் பிஞ்சு அணுக்களை அனுப்பும். தொற்று தணிந்ததும் நிறுத்திக்கொள்ளும். புற்றுக்கட்டியோ மஜ்ஜையைத் தூண்டும் பொருள்களைத் தொடர்ந்து சுரக்கிறது. அதனால் வெளிவரும் முதிராத அணுக்களில் ஒரு பகுதி கட்டிக்கே காவல் நிற்கிறது. புற்றை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களில் ஒருவகை டி அணுக்கள். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் அவை பெருக முடியாது. அந்த ஆர்ஜினினையே கட்டிக்குக் காவல் நிற்கும் அணுக்கள் சிதைத்துவிடுகின்றன. 2007-இல் ஆய்வாளர்கள் இவற்றுக்கு ‘மைலாய்டு வழி ஒடுக்கி அணுக்கள்’ என்று பொதுப்பெயர் சூட்டினார்கள். டி அணுக்களின் தடையை நீக்கும் நோயெதிர்ப்பு மருந்துகள் சிலருக்குப் பலிக்காததற்கு இவையும் ஒரு காரணம்.

நம்பிக்கை: கெட்டுப்போன அணுவை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: முதிர வைக்கலாம். முதிராத வெள்ளை அணுக்களே புற்றாகும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் உண்டு. ஷாங்காயில் வாங் சென்யீ குழுவினர் அதற்கு வைட்டமின் ஏ-யின் வழிப்பொருளான டிரெட்டினாயின் கொடுத்தார்கள். 24 நோயாளிகளுக்கும் நோய் தணிந்ததாக 1988-இல் அறிவித்தார்கள். பலருக்கு நோய் திரும்பியது உண்மை. இன்று ஆர்சனிக் மருந்தும் சேர்ந்ததால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கட்டிக்குத் துணைபோகும் அணுக்களையும் டிரெட்டினாயினால் முதிர வைக்க முயல்கிறார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்தவர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளில், நோயெதிர்ப்பு மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அந்த அணுக்கள் குறைந்தன. வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் வைட்டமின் ஏ மாத்திரை போடலாமே!

உண்மை: கூடாது. டிரெட்டினாயின் வேறு, கடையில் வாங்கும் வைட்டமின் வேறு. வைட்டமின் ஏ மிகுந்தால் கல்லீரல் கெடும். சிகிச்சையில் இருப்பவருக்கு எந்த மாத்திரை, லேகியம் கொடுப்பதானாலும் முதலில் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.