காயமுற்ற தங்கமீனைப் பேணும் முறை

கொல்லைப்புறத்தில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் கட்டித் தங்கமீன் வளர்க்கும் குடும்பங்கள் கிராமங்களிலும் உண்டு. சென்னை கொளத்தூரில் இத்தொழில் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்வதைக் கண்டு, நம் ஒன்றியத்திலும் சிலர் இதில் இறங்கியிருக்கின்றனர். முட்டையிடும் தாய்மீன் ஒன்று மடிந்தால் அந்தப் பருவத்தில் அதனிடமிருந்து கிடைக்கவேண்டிய குஞ்சுகள் அவ்வளவும் நஷ்டமே. ஆதலால் அடிபட்ட மீனைக் காக்கும் வகையை இங்கு ஆராய்வோம்.

சென்ற கோடையில் நாம் பார்வையிடச் சென்ற ஒரு விவசாயியின் வீட்டில், தொட்டியைக் கழுவும் பொருட்டுத் தாய்மீனை உலர்ந்த துணியால் பிடித்திருந்தனர். அது துள்ளித் தொட்டி விளிம்பில் மோதியதால், விலாவில் ஏழெட்டுச் செதில்கள் பெயர்ந்து தசை சிவந்து தெரிந்தது. வீட்டு அம்மையார் மஞ்சளை அரைத்துக்கொண்டிருந்தார். நாம் தடுத்தோம். மஞ்சள் நம் காயத்துக்கு ஏற்றதாயினும், தண்ணீரில் கரைந்து தொட்டியைக் கலக்குமேயன்றிப் புண்ணில் தங்காது.

மீனின் மேலுள்ள வழவழப்பு வெறும் அழுக்கன்று. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம் அது. உலர்ந்த கையும் துணியும் அதை வழித்தெடுத்துவிடும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நன்னீர் மீனின் உடலில் உப்பு மிகுதி. சுற்றியுள்ள நீரில் குறைவு. எனவே காயத்தின் வழியே வெளிநீர் ஓயாது உள்ளே புகும். அதனை வெளியேற்றுவதிலேயே மீனின் பலம் செலவாகிவிடும். நீரில் சிறிது உப்பிருந்தால் இப்பாரம் குறைகிறது. சமையலறைக் கல்லுப்பு இங்கே மருந்தாவது இக்காரணம் பற்றியே.

இருபது லிட்டர் கொள்ளும் அகன்ற தொட்டி ஒன்று போதும். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் நாம் குளோரின் இடுவது மக்களுக்கு நன்மை. ஆனால் மீனின் செவுளை அது அரித்துவிடும். குழாய்நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, இடையிடையே கலக்கிவிட்டுப் பின்னரே பயன்படுத்தவேண்டும். முதல் நாள் 20 கிராம் உப்பைத் தனியே கரைத்து ஊற்றுக. அடுத்த இரு நாட்களிலும் 20 கிராம் வீதம் சேர்த்தால், லிட்டருக்கு 3 கிராம் என்ற அளவு வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுவதில்லை. நாள்தோறும் ஐந்து லிட்டர் நீரை மாற்றுக. மூன்றாம் நாளுக்குப் பின் மாற்றும் நீரில் 15 கிராம் உப்பு சேர்ந்திருக்கவேண்டும். புதுநீரின் சூடும் தொட்டிநீரின் சூடும் ஒத்திருத்தல் அவசியம். காற்றுக்குழாய் ஓயாது ஓடட்டும்.

முதல் நாள் தீனி வேண்டாம். பிறகும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். மிஞ்சிய தீனியும் கழிவும் அம்மோனியாவாக மாறி, காயத்தைவிட விரைவாக மீனைக் கொன்றுவிடும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஒரு வீட்டில், "ஒரு சிட்டிகை போடுங்கள்" என்று நாமே சொல்லிவிட்டோம். மறுநாள் காலையில் மீன் மிதந்தது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில், இருபது லிட்டருக்கு வேண்டியது 40 மில்லிகிராம் மட்டுமே. சிட்டிகை என்பது அதைப்போல் பன்மடங்கு. துல்லியமான தராசு இல்லாத வீட்டில் அம்மருந்தைத் தொடாதிருப்பதே மேல் என்று அன்று முதல் கூறிவருகிறோம். மனிதருக்கு வாங்கிய மாத்திரைகளை நீரில் பொடித்துப் போடுவதும் கூடாது.

புண்ணின் மேல் வெண்பஞ்சு போல் படர்ந்தால் அது பூஞ்சாளம். புண் குழிந்து சிவப்பு விரிந்தால் கிருமி உட்புகுந்துள்ளது. இரண்டில் எது தோன்றினும் காலதாமதமின்றி மீன்துறை அலுவலரை நாடுக. துடுப்பு கிழிந்தால் அஞ்சவேண்டியதில்லை. அடிப்பகுதி பழுதுபடாதிருப்பின் மீண்டும் வளரும். செதில்களும் முளைக்கும், ஆனால் மெதுவாக.

குளத்தில் விடக் கொண்டுவரும் கெண்டைக் குஞ்சுகளுக்கும் பயணத்தில் இத்தகைய சிராய்ப்பு ஏற்படுவதுண்டு. லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைத்த நீரில் ஓரிரு நிமிடம் மட்டும் வைத்து விடலாம். குஞ்சு சாயத் தொடங்கினால் உடனே எடுத்துவிடவேண்டும்.

அந்தத் தாய்மீன் மூன்றாம் நாள் தீனிக்கு மேலே வந்தது. பதினெட்டாம் நாள், உப்புநீரைச் சிறிது சிறிதாக மாற்றிய பின், பழைய தொட்டியில் விட்டார்கள். இப்பொழுது அவ்வீட்டில் மீனைத் துணியால் பிடிப்பதில்லை. நீரோடு சேர்த்துக் கிண்ணத்தில் மொண்டெடுக்கிறார்கள்.