பயம் உள்ளவர்களுக்கு எந்தக் குதிரை விடுமுறை?

நாற்பது, ஐம்பது வயதில் குதிரையேற்றத்தின் மீது ஆசை பிறந்து, வாரம் ஒருநாள் பயிற்சிக்கு வந்து, டிராட் என்ற குலுங்கும் ஓட்டத்தில் ஓரளவு உட்காரவும் பழகிவிட்டு, ஆனாலும் குதிரை தலையை உதறினால் மூச்சை அடக்கிக்கொள்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. நன்றாக வந்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று நின்றுவிடுவதை அண்மைக் காலமாகப் பார்க்கிறேன். விசாரித்தால், இடையில் ஒரு விடுமுறைக்குப் போய் வந்திருப்பார்கள். நண்பர்கள் மங்கோலியாப் படங்களைப் போட்டார்கள் என்று ஒருவர் கிளம்பியிருப்பார். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் ராஜஸ்தான் குதிரைப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டாள், மறுக்க மனம் வரவில்லை என்பார் இன்னொருவர். கணவருக்குப் பிடித்த இடத்துக்கே நானும் போனேன் என்பார் வேறொருவர். எல்லோரும் ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எந்தக் குதிரை, சொல்லிக்கொடுப்பவர் யார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கொடைக்கானல் ஏரிக்கரையிலும் பஹல்காமிலும் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லும் சவாரியை நான் இங்கே சேர்க்கவில்லை. அதில் கடிவாளம் உங்கள் கையில் இல்லை. கடிவாளம் கைக்கு வரும் விடுமுறைகளை நான்காகப் பிரிக்கலாம்: பண்ணையில் ஒரு வாரம், ஓரிடத்தில் தங்கிப் பகல் சவாரி, முகாம் விட்டு முகாம் போகும் நெடும்பயணம், பயிற்சி விடுமுறை.

பண்ணை விடுமுறை அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா, கொலராடோ பக்கங்களில் நூறு ஆண்டுப் பழக்கம். விருந்தினர் பண்ணைகளின் சங்கமே 1926இல் தொடங்கியது. அங்குள்ள வெஸ்டர்ன் சேணம் அகலமானது, முன்புறம் பிடித்துக்கொள்ளக் கொம்பு உண்டு, பின்புறம் உயர்ந்து இடுப்பைத் தாங்கும். பெரும்பாலான பண்ணைகளில் வாரம் முழுக்க ஒரே குதிரையைத் தருவார்கள், அது முன்னால் போகும் குதிரையின் பின்னாலேயே நடக்கப் பழகியது. செலவும் விசாவும் தடையில்லை என்றால் நல்ல தேர்வு.

பகல் சவாரிக்குத் தெற்கு பிரான்சின் கமார்க் எனக்குப் பிடித்த இடம். ரோன் நதி கடலோடு கலக்கும் சமவெளி அது. குட்டியாக இருக்கும்போது கருமையாகப் பிறந்து வளர வளர வெளுக்கும் சிறிய குதிரைகள். மாடு மேய்ப்பவர்களுக்காக உருவான ஆழமான சேணம். சதுப்பிலும் தண்ணீரிலும் பெரும்பாலும் நடையில்தான் போவார்கள் என்பதால் வேகம் தானாகவே குறைகிறது. கோடையில் கொசு அதிகம், அதை மட்டும் கவனியுங்கள். ஐஸ்லாந்தும் இந்த வகையில் வரும். அங்குள்ள குதிரைகளுக்கு டோல்ட் என்று ஒரு தனி நடை உண்டு. டிராட்டின் குலுக்கல் அதில் இல்லை என்பதால் முதுகுவலிக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். நோய் நுழைந்துவிடக் கூடாது என்று, நாட்டை விட்டு வெளியே போன குதிரையைத் திரும்ப அனுமதிப்பதில்லை. பயன்படுத்திய சேணமும் கடிவாளமும் கொண்டுபோகக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரச் சவாரி என்றால் தாராளமாகப் போகலாம்.

இனி நெடும்பயணம். நாளுக்கொரு முகாமாக, ஐந்தாறு நாள் குதிரையிலேயே போவது. எல்லோரும் கேட்பதும் இதுதான், பயமுள்ளவர்களை அதிகம் முறிப்பதும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உடம்பு. வாரம் ஒரு மணி நேரம் பழகியவர் திடீரென்று நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்காருகிறார். மூன்றாம் நாளில் உள்தொடை சோர்ந்துபோகிறது. சோர்ந்த கால் முட்டியால் இறுக்கிப் பிடிக்கும், குதிகால் மேலே ஏறும், உடம்பு முன்னால் குனியும். குதிரைக்கு அந்த இறுக்கம் முழுவதும் தெரிகிறது. 2009இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், அடுத்த சுற்றில் குதிரை முன்னால் ஒரு குடையை விரிக்கப் போகிறோம் என்று சவாரி செய்பவர்களிடம் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு கூடியது, குதிரைகளின் இதயத்துடிப்பும் சேர்ந்து கூடியது. நாள் முழுக்க அஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் தன் குதிரையையும் நாள் முழுக்க அஞ்ச வைக்கிறார்.

அடுத்தது கூட்டம். குதிரை மந்தையில் வாழும் விலங்கு. முன்னால் போகும் நான்கு பேர் கேன்டர் என்ற பாய்ச்சலுக்குப் போனால் உங்கள் குதிரையும் போகும். உங்கள் விருப்பத்தை அது கேட்காது. ஆகவே குழுவின் வேகம் எப்போதும் துணிந்தவர்களின் வேகமாகவே இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் இறங்கவும் எளிய வழியில்லை. இறங்கினால், சாமான் ஏற்றிய ஜீப்பில் உட்கார்ந்து அடுத்த முகாமுக்குப் போக வேண்டும். அந்தக் கூச்சத்துக்கு அஞ்சியே பலர் மறுநாளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

மங்கோலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் தொடங்கிய மங்கோல் டெர்பி என்ற ஆயிரம் கிலோமீட்டர் பந்தயம் அந்தப் புல்வெளியை உலகுக்கே ஆசைப்பொருளாக்கியது. அங்கே குதிரைகள் திறந்தவெளியில் மந்தையாக வளர்பவை. மேய்ப்பர்கள் அங்கவடியில் எழுந்து நின்றபடியே ஓட்டுவார்கள். இடப்பக்கமாக மட்டுமே நெருங்கவும் ஏறவும் பழக்கியிருப்பார்கள். வலப்பக்கம் போனால் மிரளும். புல்லுக்குள் மர்மோட் என்ற கொறிவிலங்குகள் தோண்டிய வளைகள் உண்டு, கால் சிக்கினால் குதிரை இடறும். பெரிய மருத்துவமனைக்குத் தலைநகர் உலான்பாட்டர்தான் போக வேண்டும். ஐஸ்லாந்தின் நெடும்பயணமும் இதே கதைதான். சேணமில்லாத குதிரைகள் மந்தையாகக் கூடவே ஓடிவரும், நடுநடுவே களைத்த குதிரையை விட்டுப் புதியதில் ஏற வேண்டும். ஒரு குதிரையை நம்பவே நான்கு நாள் ஆகும் ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று குதிரைகள் என்பது கொடுமை.

ராஜஸ்தானைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து தொட்டுக்கொள்ளும் மார்வாரிக் குதிரை நம் நாட்டின் பெருமை. போருக்காக வளர்த்த இனம், சுறுசுறுப்பும் கூருணர்வும் அதன் குணம். ஆனால் பயணப் பாதை கிராமங்கள் வழியாகப் போகிறது. நாய் குரைக்கும், டிராக்டர் வரும், கல்யாண மேளம் கேட்கும். அப்புறம் திறந்த மணல்வெளி வந்துவிட்டால் குதிரை ஓடத்தான் விரும்பும். அதே மார்வாரியை அதே ஊரில், ஒரே லாயத்தில் தங்கி, அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள குளிர்ந்த மாதங்களில் காலை ஒரு மணி நேரம் சவாரி செய்தால் அருமையான அனுபவம். நெடும்பயணத்தை இரண்டு மூன்று ஆண்டு பழகிய பிறகு யோசிக்கலாம். கற்றுக்குட்டிகளும் வரலாம் என்ற விளம்பர வரியை நம்பாதீர்கள்.

என் ஓட்டு பயிற்சி விடுமுறைக்கே. போர்ச்சுகலில் லூசிட்டானோக் குதிரைகளை வைத்துப் பாடம் நடத்தும் பண்ணைகள் உண்டு. அந்த இனத்தை வளர்த்த ஆல்டெர் அரச பண்ணை 1748இல் தொடங்கியது. கற்பிக்கும் மரபும் பழையது. மூத்த, பல பேரைத் தாங்கிப் பழகிய குதிரையில் உங்களை ஏற்றுவார்கள். ஆசிரியர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார். கடிவாளமும் அங்கவடியும் உங்களுக்கு இருக்காது. குதிரையை அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் உங்கள் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் சேரும் இளைஞர்களுக்கே நீண்ட காலம் இந்தப் பயிற்சிதான். காலை முக்கால் மணி, மாலை முக்கால் மணி. இடையில் குதிரையைத் தேய்த்துவிடலாம், குளம்பைச் சுத்தம் செய்யலாம், மற்றவர்கள் சவாரி செய்வதைப் பார்க்கலாம். இதற்காக வெளிநாடு போக வேண்டும் என்றும் இல்லை. பொறுமையான ஆசிரியரும் பதினைந்து வயது தாண்டிய ஒரு பெண்குதிரையும் உள்ள லாயம் உங்கள் ஊர்ப்பக்கமே இருந்தால், நான்கு நாள் அங்கே தங்குங்கள். வயதான பெண்குதிரைகளின் மேல் எனக்குள்ள நம்பிக்கையை யாரும் அசைக்க முடியாது.

எங்கே போனாலும் குதிரையேற்றத்துக்கான தலைக்கவசத்தை உங்கள் அளவுக்கு வாங்கிக் கொண்டுபோங்கள். சைக்கிள் ஹெல்மெட் இதற்குப் பயன்படாது, ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தை மீண்டும் போடக் கூடாது. அங்கவடிக்குள் கால் நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி சிறிய குதிகால் உள்ள காலணி வேண்டும். எடையை மறைக்காதீர்கள். சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை சுமக்கக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. பயணக் காப்பீட்டில் குதிரையேற்றம் சேர்ந்திருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

பயம் என்பது தகுதிக் குறைவு என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை விழுந்தால் எழுந்துவிடுகிறது. ஐம்பது வயதுக்காரருக்குத் தன் எலும்பும் தெரியும், வீட்டில் தன்னை நம்பி இருப்பவர்களும் தெரியும். அந்த எச்சரிக்கை வேண்டியதே. என் அனுபவத்தில், பயப்படுகிறவர்கள்தான் குதிரையின் காதையும் கண்ணையும் கூர்ந்து பார்க்கிறார்கள்; அவசரப்படுகிறவர்கள் பார்ப்பதில்லை. குதிரைக்கு நேர் பின்னால் எதுவும் தெரியாது என்று சொன்னால் மறக்காமல் தோள்பக்கமாக வருபவர்களும் இவர்களே. இது பெரிய திறமை. இதை வேகத்தால் அளக்காதீர்கள். ஓராண்டு முழுக்க நடையில் மட்டுமே போனாலும் அது கற்றல்தான். கூட வந்தவர் கேன்டரில் போகிறார் என்பதற்காக நீங்களும் போக வேண்டியதில்லை. அலுவலகத்திலும் குடும்பத்திலும் எத்தனையோ காரியங்களை ஆண்டுக்கணக்கில் பொறுத்துச் செய்து முடித்தவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்கை உங்கள் உடம்புக்கும் கொடுங்கள்.

முதல் விடுமுறைக்கு நான்கைந்து நாள் போதும். போர்ச்சுகல், பிரான்ஸ், ஐஸ்லாந்து மூன்றுக்கும் ஷெங்கன் விசா தேவை. ஏப்ரல், மே அல்லது செப்டம்பரில் கமார்க்கோ போர்ச்சுகலோ போவதாக இருந்தால் மூன்று நான்கு மாதம் முன்பே எழுதிக் கேட்கத் தொடங்குங்கள். எனக்குத் தரப்போகும் குதிரையின் வயது என்ன, வாரம் முழுக்க அதுவே கிடைக்குமா, குழுவில் எத்தனை பேர், நான் நடையில் மட்டும் போக விரும்பினால் தனியாக ஒருவர் கூட வருவாரா, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். இந்த ஐந்துக்கும் தெளிவாகப் பதில் எழுதாத இடத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.