நூறு வீதம் பச்சை, பிறந்த திகதி பிழை

டெஸ்ட் கவரேஜ் (கோட்டில் டெஸ்டுகள் ஓட்டிப் பார்த்த வரிகளின் பங்கு) நூறு வீதம் இருக்கத்தான் வேணுமோ என்று வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். காசும் திகதியும் புழங்கும் இடத்தில் இருக்கட்டும். அதை நம்பி நித்திரை கொள்ளாதீர்கள் என்பேன்.

நெடுந்தீவில் வீடு வீடாகப் போய்க் குடும்ப விபரம் பதிய ஒரு செயலி செய்தோம். இலங்கை அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் பகுதி ஒரு தம்பியுடையது. வருடத்துக்கு அடுத்து வரும் நாள் எண், பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்லும்; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அதைக் கழித்து, ஆண் பெண் இரண்டுக்கும் டெஸ்ட் எழுதியிருந்தார். "அண்ணை, நூறு வீதம்!" என்றார். 63561 என்று தொடங்கும் இலக்கத்தைப் போடச் சொன்னேன். 1963 மார்ச் 2 என்று வந்தது. சரியான விடை மார்ச் 1. எங்கள் அடையாள அட்டையில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள்தான் கணக்கு. அவர் டெஸ்டுக்கு எடுத்த இருவரும் ஜனவரியில் பிறந்தவர்கள். எல்லா வரியும் ஓடியது, பிழையான வரியும் சேர்த்து.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. பிழை வந்தால் போய்த் திருத்தலாம் என்ற நினைப்பு அங்கே சரிவராது. ஆகவே சிக்னல் அறுவதைத்தான் அதிகம் சோதித்தோம். பதிவு சேர்வருக்குப் போய்விட்டது, 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் டேப்லெட்டுக்கு வரவில்லை என்று வையுங்கள். அது மறுபடி அனுப்பும். ஒரே குடும்பம் இரண்டு தரம் பதிவாகும். இதற்கு எழுதிய டெஸ்டால் கவரேஜ் துளியும் ஏறவில்லை. (ஏறாததால்தான் இப்படியானவற்றைப் பலர் எழுதுவதில்லை.)

டேப்லெட்டுக்குள் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மையப் பகுதியை, அதைச் செய்தவர்கள் ஒவ்வொரு கிளையும் விடாமல் நூறு வீதம் சோதிக்கிறார்கள். உலகத்துக் கைபேசிகளிலெல்லாம் ஓடுவதற்கு அந்த உழைப்புத் தகும். அவர்களும் அதோடு விடுவதில்லை: நினைவகம் தீர்ந்தால், எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் என்றெல்லாம் தனியாகப் பார்க்கிறார்கள்.

கவரேஜ் அறிக்கையில் நான் தேடுவது சிவப்பு வரிகளை. எந்த டெஸ்டும் தொடாத வரிக்கு ஒன்றில் டெஸ்ட் எழுதவேண்டும், இல்லையேல் அந்த வரியையே அழிக்கவேண்டும். வீதத்தை உயர்த்துவதற்காக மட்டும் எழுதும் டெஸ்ட் வெறும் சுமை.

அடையாள அட்டையோடு வேலை செய்பவர்கள் பழைய இலக்கத்திலும், 2016இல் வந்த 12 இலக்கத்திலும், நாள் எண் 059, 060, 061 மூன்றையும் முதலில் போட்டுப் பாருங்கள். வீதத்தைப் பிறகு பார்க்கலாம்.