நோம்பிக்கு வீடு சுத்தம் செய்வோம் – வரிசையாக, பத்திரமாக



"சுத்தம் சோறு போடும்" என்று நம் ஊரில் நிறைய சுவர்களில் எழுதியிருக்கிறது. ஆனால் எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. அதனால் நான் இந்தச் சுவரில் எழுதுகிறேன்.

பொங்கல் நோம்பிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. எல்லார் வீட்டிலும் ஒட்டடை அடிக்கிறது, வெள்ளை அடிக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம்மில் பாதிப் பேர் அந்த வேலையைச் செய்யத்தான் போகிறோம். எங்கள் அப்பத்தா சொல்லிக் கொடுத்தது, அறிவியல் டீச்சர் சொல்லிக் கொடுத்தது, நானே தப்பு செய்து தெரிந்துகொண்டது, மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் ஆறாவது பகுதியை மட்டுமாவது படியுங்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதினேன்.

1. ஒரே நாளில் செய்ய வேண்டாம்

போகி என்பது மார்கழி மாதத்தின் கடைசி நாள். அன்றைக்குத்தான் எல்லாச் சுத்தமும் என்று வைத்துக்கொண்டால், காலையில் ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் முடியாது. அவசரத்தில்தான் தப்பு நடக்கும். ஐந்து நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: அட்டாலி, ஒட்டடை, மின்விசிறி.
இரண்டாம் நாள்: சுவர், வெள்ளை அடிப்பது.
மூன்றாம் நாள்: துணி, போர்வை, பாத்திரம்.
நான்காம் நாள்: தண்ணித் தொட்டி, டிரம், குடம்.
ஐந்தாம் நாள்: பொடக்காலி, பாத்ரூம், வாசல்.

போகி அன்றைக்கு வீட்டைப் பெருக்கித் துடைத்து, பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ வைத்துக் காப்புக் கட்டினால் போதும். பொங்கல் அன்றைக்கு இடுப்பு வலி இல்லாமல் கரும்பு தின்னலாம்.

2. மேலிருந்து கீழே

இதுதான் முதல் விதி. தரையைத் துடைத்துவிட்டு அப்புறம் ஒட்டடை அடித்தால் இரண்டாவது தடவையும் தரையைத் துடைக்க வேண்டும். அதனால் முதலில் கூரை, அடுத்து அட்டாலி, அடுத்து சுவர், ஜன்னல், கடைசியில் தரை. இரண்டாவது விதி: முதலில் காய்ந்த வேலை, அப்புறம் ஈர வேலை. தூசி மேல் தண்ணி பட்டால் சேறாகி ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டடைக் குச்சியின் நுனியில் ஈரத் துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டால் தூசி பறக்காது, துணியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். இளைப்பு இருப்பவர்களை அந்த வேலைக்கு விடக் கூடாது.

மின்விசிறி துடைக்கும் முன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, மெயினையும் நிறுத்த வேண்டும். பழைய தலகாணி உறையை விசிறியின் இறக்கைக்குள் மாட்டி அப்படியே இழுத்தால் தூசி எல்லாம் உறைக்குள் விழுந்துவிடும். கட்டில் மேல் ஒரு துளிகூட விழாது. இதை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

அட்டாலியில் சாக்கு, பழைய ஓடு, விறகு இருந்தால் வெறும் கையை விடக் கூடாது. குச்சியால் தட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். தேள், பூரான் எல்லாம் இருட்டில்தான் குடியிருக்கும். எங்கள் அப்பத்தா, "அதுக்கும் அது வீடுதான் அம்மணி. சொல்லாம கொள்ளாம கைய விட்டா கொட்டாம என்ன பண்ணும்?" என்பாங்க. தேள் கொட்டினால் மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது ரொம்ப ஆபத்து.

3. வெள்ளை அடிக்கும்போது

இப்போது நிறையப் பேர் பெயிண்ட்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் மாட்டுக் கொட்டகைக்கும் பின்பக்கச் சுவருக்கும் சுண்ணாம்புதான். சுட்ட சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். அப்போது அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். அதனால் பிளாஸ்டிக் பக்கெட்டில் செய்தால் இளகிப் போய்விடும். மண் பானையோ இரும்பு டிரம்மோதான் வேண்டும். பாத்திரத்தில் நிறையத் தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கிட்ட நின்று குனிந்து பார்க்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

ஒரு ராத்திரி ஊற வைத்து, ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, பசைக்கு வடிகஞ்சியும், பளிச்சென்று தெரிய கொஞ்சம் நீலமும் கலப்பார்கள். அடித்த அன்றைக்குச் சுவர் மங்கலாக இருக்கும். "என்னடா இது" என்று பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாற இரண்டு மூன்று நாள் ஆகும். அப்புறம்தான் பளபளப்பு வரும். போகிக்கு முந்தின நாள் அடிக்காமல் முன்னாடியே அடிக்கச் சொல்வது இதனால்தான்.

கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் கசக்கவே கூடாது. கால் மணி நேரம் நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

4. துணியும் பாத்திரமும்

போர்வை, தலகாணி, பாய் எல்லாவற்றையும் நல்ல வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். மளிகை டப்பாக்களைக் கழுவினால் உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகுதான் பருப்பைக் கொட்ட வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சைக் காளான் வரும்.

பித்தளைக் குடத்துக்கும் செம்புக்கும் புளிதான் நல்லது. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அது கறுத்துப் போன மேல் படலத்தைக் கரைத்துவிடும். தேய்த்த உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் மறுபடி கறுக்கும்.

5. தண்ணித் தொட்டி

தொட்டியில் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுத் திரும்பவும் பிடித்தால் அது சுத்தம் ஆகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தொட்டியின் உள் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே முட்டை வைக்கும். அந்த முட்டை காய்ந்து போனாலும் மாதக் கணக்கில் சாகாமல் இருக்கும். திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். அதனால் தேங்காய் நாரை வைத்து உள் பக்கம் முழுக்க அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக மாறச் சுமார் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு தடவை கழுவச் சொல்கிறார்கள்.

பொடக்காலியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்குச்சி, உடைந்த பானை, பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல் குழி, இதையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் குழியில் புழு நெளிந்ததை நான்தான் கண்டுபிடித்தேன்.

6. பாத்ரூம் – எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி

போன வருஷம் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னாடி நடந்தது. பொடக்காலியில் இருக்கிற பாத்ரூமைக் கழுவுகிற வேலை எனக்கு வந்தது. தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. மூலையில் ஒரு பழைய பாட்டிலில் ஆசிட் இருந்தது. அதன் மேல் பெயரோ எச்சரிக்கையோ எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சைக்கிளில் வந்து விற்றவரிடம் வாங்கியது. ஒன்றைவிட இரண்டு சேர்ந்தால் கறை நன்றாகப் போகும் என்று நினைத்து, அந்தப் பவுடர் மேலேயே ஊற்றிவிட்டேன்.

உஸ்ஸென்று நுரைத்தது. பச்சையும் மஞ்சளுமாகப் புகை வந்தது. கண் எரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கத்தினேன். அம்மா ஓடி வந்து உள்ளே புகுந்து என்னை வெளியே தள்ளினாங்க. அம்மாவுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. வாசலுக்கு வருவதற்குள் அப்படியே உட்கார்ந்துட்டாங்க. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூன்று நாள் மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் போன வருஷம் பொங்கல் வைக்கவில்லை.

டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது அம்மா, "நான்தாங்க தெரியாம கலந்துட்டேன்" என்று சொல்லிட்டாங்க. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் பேசவில்லை.

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் மட்டும் கேட்டேன். டீச்சர் திட்டவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு, தண்ணீர், குளோரின் வாயு மூன்றும் வரும். முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியம் நாட்டில் ஈப்ர் என்ற ஊருக்குப் பக்கத்தில் எதிரிகள் மேல் திறந்துவிட்ட வாயுவும் இந்தக் குளோரின்தான். போர்க்களத்தில் விட்டதை நான் எங்கள் வீட்டு பாத்ரூமில் விட்டிருக்கிறேன். குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவர்களுக்கும் குட்டிப் பிள்ளைகளுக்கும்தான் முதலில் பிடிக்கும்.

அதனால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

* பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேரவே கூடாது. எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணி, வினிகர் எல்லாமும் அமிலம்தான். அவையும் வேண்டாம். அமோனியா கலந்த பொருளும் வேண்டாம்.
* பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரோடு மட்டும் பயன்படுத்த வேண்டும். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.
* முதலில் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊற விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பாதிக் கறை அதிலேயே போய்விடும்.
* பெயர் ஒட்டாத பாட்டிலில் எதையும் வாங்கக் கூடாது, வைக்கவும் கூடாது. குடிக்கிற தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.
* ஆசிட் நாம் தொடுகிற பொருள் இல்லை. 18 வயது ஆகாதவர்களுக்கு ஆசிட் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் சொல்லியிருக்கிறது.
* புகை வந்தால் தண்ணி ஊற்றி அணைக்கலாம் என்று நிற்கக் கூடாது. உடனே வெளியே ஓடி, காற்றோட்டமான இடத்துக்குப் போய், கண்ணையும் முகத்தையும் கழுவ வேண்டும். இருமல் நிற்கவில்லை என்றால் 108.

7. போகியில் எரிக்கக் கூடாதவை

பழையன கழிதல் என்றால் எல்லாவற்றையும் கொளுத்துவது இல்லை. டயர் எரித்தால் கரும்புகையும் கந்தக டை ஆக்சைடும் வரும். பிளாஸ்டிக், ஒயர் எரித்தால் நச்சு வாயு வரும். பேட்டரி வெடிக்கும். டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயின. விமானத்துக்கே அப்படி என்றால் எங்கள் அம்மா மாதிரி இளைப்பு இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

கிழிந்த துணியைக் கரித்துணி ஆக்கலாம். பழைய பேப்பரையும் இரும்பையும் பழைய சாமான்காரரிடம் போடலாம். புத்தகத்தைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுக்கலாம். எந்தக் காகிதக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். பட்டா, சாதிச் சான்று, மார்க் ஷீட் அதில்தான் ஒளிந்திருக்கும்.

8. யார் செய்வது?

இது பொம்பளைப் பிள்ளைகள் வேலை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு தாளில் வேலையை எழுதி ஆளுக்கு ஒன்று பிரித்துவிட்டோம். தம்பிக்குத் தண்ணித் தொட்டி, அப்பாவுக்கு ஒட்டடையும் வெள்ளையும், எனக்குப் பாத்திரமும் பாத்ரூமும். அம்மாவுக்குத் தூசி, புகை எதுவும் இல்லாத வேலை மட்டும். தம்பி முனகினான். ஆனால் செய்கிறான்.

பாத்ரூமை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையை ஒட்டும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நாந்தான் கலந்தேன்னு எழுதிட்டேம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எழுது கண்ணு. நாலு பேரு படிக்கட்டும். அந்தப் பாட்டில்ல பேரு ஒட்டாம வச்சது எந்தப்புன்னும் சேத்து எழுது" என்றாங்க. எழுதிவிட்டேன்.

நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாத்ரூம் மூலையில் பெயர் இல்லாத பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதுதான் நோம்பி சுத்தத்தில் முதல் வேலை.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். 

– ஒன்பதாம் வகுப்பு மாணவி