ஒளியும் ஒலியும் பெற்ற கதைத் துப்பாக்கி

நுழையும்முன்

தமிழில் ‘ஆயுதம்’ என்னும் சொல் போர்க்கருவியை மட்டும் குறிப்பதன்று. ஆயுத பூசை நாளன்று தமிழர் இல்லங்களில் சந்தனமும் குங்குமமும் பெறுபவை அரிவாள்மனை, சுத்தியல், திருப்புளி, தையல் பொறி முதலியவையே. அதே நாளில் கொல்கத்தாவின் பந்தல்களில் பத்துக் கைகளுடன், படைக்கலங்கள் ஏந்தித் துர்க்கை காட்சி தருகிறாள். இவ்விரண்டு காட்சிகளையும் கண்டு வளரும் மாணவி ஒருத்தி, கதையில் வரும் துப்பாக்கி ஒன்றுக்கு ஒளியும் ஒலியும் தந்த முயற்சியை இப்பாடம் கூறுகிறது. மாணவர்களே, படிக்கும்போது தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும். சிறிய கணக்கு ஒன்றும் இதில் உண்டு.

1. கதையிலிருந்து வந்த கருவி

திரைப்பட இயக்குநராக உலகம் அறிந்த சத்யஜித் ராய், சிறுவர்களுக்காக எழுதிய எழுத்தாளரும் ஆவார். அவர் படைத்த விஞ்ஞானி பேராசிரியர் ஷங்கு, 1961ஆம் ஆண்டு ‘சந்தேஷ்’ என்னும் வங்கச் சிறுவர் இதழில் முதன்முதலாகத் தோன்றினார். கிரிடி என்னும் ஊரில் வாழும் அவரிடம் இரண்டு விந்தைக் கருவிகள் உள்ளன. ஒன்று, எதிரியைச் சுவடின்றி மறையச் செய்யும் ‘அனைஹிலின்’ துப்பாக்கி. மற்றொன்று, எதிரியை 33 மணிநேரம் தும்ம வைக்கும் மூக்குப்பொடித் துப்பாக்கி.

லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மகள் அவள். எட்டாம் வகுப்பு மாணவி. வங்கத் தோழி கொடுத்த நூலில் ஷங்குவைப் படித்த அவள், பள்ளிக் கண்காட்சிக்கு அனைஹிலின் துப்பாக்கியின் மாதிரியைச் செய்ய விரும்பினாள். தடித்த அட்டையை வெட்டிக் கைப்பிடி செய்தாள், நெகிழிக் குழாய்த் துண்டைக் குழலாக்கினாள், கருநிறம் பூசினாள். பார்ப்பதற்கு அது அழகாகவே இருந்தது. ஆயினும் அதில் உயிர் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. விசையை அழுத்தினால் முனையில் செவ்வொளி வீச வேண்டும். அதனுடன் ஓசையும் எழ வேண்டும்.

2. ஒரு நொடியில் அணைந்த விளக்கு

மின்னணுப் பொருள்களுக்குக் கொல்கத்தாவில் பெயர்பெற்ற இடம் சாந்தினி சந்தை. 1984ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியாவின் முதல் மெட்ரோ தொடர்வண்டியில், தந்தையுடன் காளிகாட் நிலையத்தில் ஏறிச் சாந்தினியில் இறங்கினாள். 9 வோல்ட் மின்கலம் ஒன்றும், எல்.இ.டி. எனப்படும் சிவப்பு ஒளியுமிழ் டையோடுகள் சிலவும், அழுத்துபொத்தான் ஒன்றும் வாங்கினர்.

வீடு திரும்பியதும், தந்தை வருவதற்குள் டையோடின் கால்களை மின்கலத்துடன் நேராகச் சேர்த்தாள். கண் கூசும் ஒளி ஒருமுறை தோன்றியது, உடனே அணைந்தது. கருகிய மணம் எழுந்தது.

“அப்பா, விளக்கு ஒருமுறை மின்னிவிட்டு அணைந்துவிட்டது. கடைக்காரர் பழுதான பொருளைக் கொடுத்துவிட்டாரோ?”

தொடர்வண்டித் துறையின் சைகைப் பிரிவில் பணியாற்றும் தந்தை சிரித்தார். “கடைக்காரரைக் குறை கூறாதே, அம்மா. அகலமான வாய்க்கால் நீரைச் சிறுபாத்தியில் அப்படியே திருப்பிவிட்டால் கரை என்னவாகும்?”

“உடைந்துவிடும்.”

“இங்கும் அதுவே நிகழ்ந்தது. பாத்திக்கு முன்னே மடை வைக்க வேண்டும். மின்சுற்றில் அந்த மடைக்குப் பெயர் மின்தடையாக்கி.”

பின்னர் இருவரும் கணக்கிட்டனர். சிவப்பு டையோடு தனக்கென ஏறத்தாழ 2 வோல்ட் மின்னழுத்தத்தையே எடுத்துக்கொள்ளும். மின்கலம் தருவதோ 9 வோல்ட். எஞ்சிய 7 வோல்ட்டை மின்தடையாக்கி தாங்க வேண்டும். டையோடின் வழியே 20 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் செல்லாதிருத்தல் நன்று. 470 ஓம் மின்தடையாக்கியை இணைத்தால், 7ஐ 470ஆல் வகுக்கக் கிடைப்பது 0.0149 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர். இது பாதுகாப்பான அளவு.

மஞ்சள், ஊதா, பழுப்பு என்னும் மூன்று வண்ண வளையங்களைக் கொண்டு 470 ஓம் மின்தடையாக்கியை அவள் கண்டறிந்தாள். டையோடின் நீண்ட கால் நேர்மின் பக்கமும், குறுகிய கால் எதிர்மின் பக்கமும் அமைய வேண்டும் என்பதையும் கற்றாள். இம்முறை விளக்கு அமைதியாக ஒளிர்ந்தது.

3. ஓசை பிறந்த விதம்

ஒளி கிடைத்தது, ஓசை கிடைக்கவில்லை. சிறிய மின்மணியை இணைத்தபோது அது ‘கீ’ என்று ஒரே சுருதியில் ஒலித்தது. “இது அழைப்பு மணியைப் போலல்லவா இருக்கிறது!” என்று அவள் சோர்ந்தாள்.

1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்திற்கு ஓசை அமைத்த பென் பர்ட்டும் இத்தகைய வினாவுக்கே விடை தேடினார். வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த எஃகு வடத்தைச் சுத்தியலால் தட்டி, எழுந்த ஓசையைப் பதிவு செய்தார். அதுவே அப்படத்தில் கதிர்த் துப்பாக்கியின் ஓசையாயிற்று. விறைப்பான நீண்ட வடத்தில் உயர்ந்த சுருதி விரைந்து செல்லும். தாழ்ந்த சுருதி பின்தங்கி வரும். ஆகவே, மேலிருந்து கீழே வழுக்கி இறங்குவதுபோல் ‘பியூ’ என்று கேட்கிறது. அதே படத்தில் வரும் ஒளிவாளின் கைப்பிடியோ, பழைய ஒளிப்படக் கருவியின் மின்னொளிக் கைப்பிடியிலிருந்து உருவானது. விலையுயர்ந்த பொருளைவிடக் கூர்ந்து நோக்கும் கண்ணும் செவியுமே இக்கலைக்கு முதலீடு.

வடத்திற்கு மாற்றாக, 555 என்னும் எண்ணால் அறியப்படும் சில்லினைத் தந்தை எடுத்துவந்தார். ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971ஆம் ஆண்டு வடிவமைத்த இச்சில்லு, மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்த வல்லது. அது ஒரு வினாடியில் எத்தனை முறை நிகழ்கிறது என்பதை இரு மின்தடையாக்கிகளும் ஒரு மின்தேக்கியும் முடிவு செய்கின்றன. 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் என்னும் அளவுகளை இணைத்தபோது, வினாடிக்கு ஏறத்தாழ 690 அதிர்வுகள் கொண்ட ஓசை ஒலிபெருக்கியில் எழுந்தது.

“இதுவும் ஒரே சுருதிதானே, அப்பா?”

“பொறு. சில்லின் ஐந்தாம் காலுக்கும் எதிர்மின் கம்பிக்கும் இடையே 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்துப் பார்.”

வைத்தாள். விசையை அழுத்தினாள். ‘பியூ’ என்னும் ஓசை உயரத்திலிருந்து இறங்கி வந்தது. வெற்றுக் குடத்தில் நீர் நிறைவதுபோல், வெறுமையாயிருந்த மின்தேக்கியில் மின்னூட்டம் சிறிது சிறிதாக நிறைகிறது. அது நிறைய நிறையச் சுருதி இறங்குகிறது. குடம் வடிந்தால்தான் மீண்டும் நிறைக்கலாம் அன்றோ? அதனால் அடுத்த முறை அழுத்துவதற்குமுன் சில வினாடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சூட்டுக்கோலால் ஈயப் பற்று வைக்கும் வேலையைத் தந்தையின் முன்னிலையிலேயே செய்தாள். சால்டரிங் அயர்ன் என மக்கள் கூறும் அக்கோலின் முனை 300 பாகை செல்சியசையும் கடந்து சூடேறும். சன்னல் திறந்திருந்தது. வேலை முடிந்ததும் கைகளை நன்கு கழுவினாள்.

4. தம்பியின் அழுகை

எல்லாம் அமைந்த மகிழ்ச்சியில், கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுத் தம்பியை நோக்கித் துப்பாக்கியை நீட்டினாள். “மறைந்து போ!” என்று கூவி விசையை அழுத்தினாள். செவ்வொளி வீசியது, ஓசை எழுந்தது. சிறுவன் அலறி அழுதான். “நான் மறைந்து போக மாட்டேன், அக்கா!” என்று தாயின் பின்னே ஒளிந்துகொண்டான். அன்று மாலை முழுவதும் அவன் அவளருகே வரவில்லை.

தாய் கடிந்துரைக்கவில்லை. “பொம்மை என்று உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அவ்வினா அவளை உறங்கவிடவில்லை. கருநிறத் துப்பாக்கியைத் தெருவில் காண்போர் என்ன எண்ணுவர்? பைகளைச் சோதிக்கும் மெட்ரோ நிலையக் காவலர் என்ன எண்ணுவார்? பொம்மையை மெய்யென மயங்குவதால் தீங்கு நேரலாம் என்பதனாலேயே, அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனை செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினர்.

மறுநாள் தந்தை அவளுக்கு அந்நகரத்தின் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். 1895ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ், கொல்கத்தா நகர மண்டபத்தில் கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளைத் தொலைவிலிருந்து செலுத்திக் காட்டினார். அவ்வலைகள் வெடிமருந்தைப் பற்றவைத்தன. மணியொன்றையும் ஒலிக்கச் செய்தன.

“ஒரே அலைதானா, அப்பா, இரண்டையும் செய்தது?”

“ஒரே அலைதான், அம்மா. மறுமுனையில் எதை வைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.”

அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு வண்ணக் குப்பிகளை எடுத்தாள். கருநிறம் மறைந்து, குழல் மஞ்சளாகவும் முனை செம்மஞ்சளாகவும் மாறின. குழலின் முனையைப் புனல்போல் விரித்தாள். அனைஹிலின் துப்பாக்கி, ஷங்குவின் மூக்குப்பொடித் துப்பாக்கி ஆயிற்று. தம்பியை அழைத்து, விசையை அவன் கையிலேயே கொடுத்து, குழலைச் சுவரை நோக்கித் திருப்பினாள். ‘பியூ’ என்று ஓசை இறங்கியதும் அவள் ‘அச்!’ என்று தும்மி விழுந்தாள். சிறுவன் கைகொட்டிச் சிரித்தான். “இன்னும் 33 மணிநேரம் தும்மு, அக்கா!” என்றான்.

5. ஒளிக் கலைஞர்களின் ஊர்

கண்காட்சி நாளில் மின்கலத்தைக் கழற்றித் தனியே வைத்து, கருவியைப் பெட்டியில் இட்டுப் பள்ளிக்குக் கொண்டு சென்றாள். அதனருகே அவள் வைத்த அட்டையில், ஷங்குவின் பெயரோடு சந்தன்நகர் என்னும் ஊரின் பெயரும் இருந்தது.

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகர், புதுச்சேரியைப் போலவே முன்னர்ப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். ஸ்ரீதர் தாஸ் முதலிய கலைஞர்களின் உழைப்பால் அது ஒளி அலங்காரத்திற்குப் பெயர்பெற்றது. உலோகப் பட்டைகள் பதித்த உருளை சுழலும்போது, ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு விளக்கு வரிசைக்கு மின்னோட்டம் தரும். அதனால் மயில் தோகை விரிக்கும், மீன் நீந்தும். இன்று உருளையின் இடத்தை மின்னணுச் சில்லும், குமிழ் விளக்கின் இடத்தை ஒளியுமிழ் டையோடும் பெற்றுள்ளன. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ, கொல்கத்தாவின் துர்க்கை பூசையை மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அவ்விழாவின் இரவுகளை ஒளிரச் செய்வதில் இக்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

அவ்வாண்டு ஆயுத பூசையன்று அவ்வீட்டுப் பலகையில் அரிவாள்மனையும் திருப்புளியும் சூட்டுக்கோலும் வரிசையாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் மஞ்சள் நிறத் துப்பாக்கியும் இருந்தது. எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தவன் தம்பி.

சொல்லும் பொருளும்

படைக்கலம் – போர்க்கருவி
சுவடு – அடையாளம்
விசை – இங்குத் துப்பாக்கியின் இயக்குபொத்தான்
மடை – நீரைக் கட்டுப்படுத்தி விடும் வழி
சுருதி – ஓசையின் உயர்வு தாழ்வு
வடம் – தடித்த கயிறு, கம்பிக்கயிறு
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. முதல் டையோடு கருகியது ஏன்?
2. வடத்தைத் தட்டும்போது ஓசை மேலிருந்து கீழே இறங்குவது எதனால்?
3. “மறுமுனையில் எதை வைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு” – இக்கூற்றை விளக்குக.

ஆ. கணக்கிடுக.
மின்கலம் 6 வோல்ட். டையோடு எடுத்துக்கொள்வது 2 வோல்ட். மின்தடையாக்கி 400 ஓம் எனில், செல்லும் மின்னோட்டம் எவ்வளவு?

இ. பிரித்து எழுதுக.
செவ்வொளி, மின்னோட்டம், அவ்வினா, கருநிறம்

ஈ. வீட்டில் கேட்டு எழுதுக.
உங்கள் வீட்டு ஆயுத பூசையில் எவ்வெக்கருவிகளை வைப்பர்? அவற்றின் பெயர்களைத் தமிழிலும், நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.