கிழிந்த தசை மீண்டும் வளர்வது எப்படி?

பனையேறும்போதோ, ரப்பர் தோட்டத்துச் சரிவில் கால் வழுக்கியோ, வள்ளத்தைக் கரையேற்றும்போதோ தசை கிழிந்து வருவோர் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எண்ணெய் போட்டு உழியலாமா?" என்பது ஒன்று. "எத்தனை நாள் அசையாமல் இருக்க வேண்டும்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை, காயமடைந்த தசைக்குள் நடைபெறும் பணியிலேயே இருக்கிறது.

உறங்கும் செல்கள்

ஒவ்வொரு தசை நாரும் மிக நீண்ட ஒரு செல். அதனுள் பல உட்கருக்கள் உள்ளன. அவை மீண்டும் பிளவுபடுவதில்லை. அப்படியானால் புதிய நார் எங்கிருந்து வருகிறது? 1961ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ என்ற அறிவியலாளர், தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நாரின் விளிம்பை ஒட்டிச் சிறிய செல்கள் அமைந்திருப்பதைக் கண்டார். கோளை ஒட்டி நிற்கும் துணைக்கோளைப் போல இருந்ததால் அவற்றுக்குச் 'சாட்டிலைட் செல்கள்' என்று பெயரிட்டார். மனிதத் தசையிலும் இவை உள்ளன. காயம் ஏற்படும்வரை இவை உறங்கியே கிடக்கின்றன.

சீரமைப்பின் படிகள்

நார் கிழிந்தவுடன் குருதி கசிந்து தேங்குகிறது. சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் அங்கு வந்து சேர்கின்றன. அவற்றைத் தொடர்ந்து மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் வந்து, இறந்த பகுதிகளை விழுங்கி இடத்தைத் தூய்மைப்படுத்துகின்றன. முதல் நாட்களில் காணும் வீக்கமும் வெப்பமும் பெரும்பாலும் இப்பணியின் அடையாளங்களே.

அதே வேளையில் சாட்டிலைட் செல்கள் விழித்துப் பெருகுகின்றன. ஒரு பகுதி மீண்டும் உறங்கச் சென்று அடுத்த காயத்திற்கான இருப்பாகிறது. மற்றவை ஒன்றோடொன்று இணைந்து புதிய நாராகின்றன அல்லது கிழிந்த நாரின் முனைகளை நீட்டுகின்றன. கூடவே கொலாஜன் இழைகளாலான தழும்பும் உருவாகிறது. இடைவெளியைத் தாங்கிப்பிடிக்கத் தழும்பு தேவை; ஆனால் அது அளவு மீறினால் புதிய நார்களின் வழியை அடைத்துவிடும்.

உழிச்சல் எப்போது?

நம் ஊரில் ஆசான்மாரின் உழிச்சலுக்கு நெடிய மரபு உண்டு. எனினும் காயம் புதிதாக இருக்கும்போது அழுத்தி உழிந்தால் குருதிக்கசிவு மிகும். தேங்கிய குருதி சில வேளைகளில் எலும்பு போலக் கெட்டிப்படவும் கூடும். ஆகவே தொடக்க நாட்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், மிதமான கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகியவையே போதும். பின்னர் உழிச்சல் வேண்டுமெனில் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஓய்வு எவ்வளவு?

சிறிய, நடுத்தரக் கிழிசல்களுக்குப் பொதுவாக 3 முதல் 5 நாள் ஓய்வு போதுமானது. அதன்பின் வலி பொறுக்கும் அளவில் மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். அசைவின் இழுவிசையே புதிய நார்களை ஒரே திசையில் ஒழுங்குபடுத்துகிறது. வாரக்கணக்கில் அசையாதிருந்தால் தசை மெலியும், தழும்பு இறுகும். மாறாக, வலி நின்றுவிட்டது என்று உடனே பளு தூக்குவதும் தவறு. வலி மறைந்தாலும் நார் முதிர மேலும் பல வாரங்கள் ஆகும்.

முதியோருக்கு இச்செல்கள் மெதுவாகவே விழிக்கும். சாளை மீன், முட்டை, சிறுபயறு போன்ற புரத உணவுகளும் சர்க்கரைக் கட்டுப்பாடும் துணைபுரியும். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

உடனே வர வேண்டியவை

வலி நேரத்திற்கு நேரம் கூடுதல், தசை கல் போல இறுகுதல், விரல்கள் மரத்துப்போதல், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டில் பேணுவோரே, உங்கள் பொறுமையும் மருந்துதான். முதல் வாரத்தில் உழியவிடாமல் தடுப்பதும், அடுத்த வாரங்களில் கைப்பிடித்து நடத்துவதும் உங்கள் பணி. எஞ்சியதை உள்ளிருக்கும் செல்கள் செய்யும்.